சூடானா ஸ்டார்ட் ஆகாத மர ரம்பம்

அண்ணே, செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் செயின் ரம்பம் பத்து நிமிஷம் அறுத்து அணைச்சா, ஆறுற வரைக்கும் எடுக்க மாட்டேங்குதுன்னு சொல்றீங்க. அப்படியே பாலாத்தங்கரை சீமைக்கருவேலத்தை வெட்டி முடிச்சிடலாமான்னு கேக்குறீங்க. வேணாம். பெரும்பாலும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள பிஸ்டன் அமுக்குற அழுத்தம், போன அறிகுறி அது.

சுவிட்சை அணைச்சிட்டு, ஸ்டார்ட்டர் கயித்துப் பிடியிலேயே ரம்பத்தைத் தொங்க விடுங்க. விட்டு விட்டு இறங்கினா தேவலை. சரசரன்னு வந்துட்டா தேய்மானம்தான். கம்ப்ரஷன் அளக்குற கேஜ் கிடைச்சா 150 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பக்கம் காட்டணும். 100க்குக் கீழேன்னா கை வச்சே ஆகணும்.

அப்புறம் சைலன்சரைக் கழட்டி, அந்த ஓட்டையில டார்ச் அடிச்சு பிஸ்டனைப் பாருங்க. மழமழன்னு இருந்தா பிஸ்டனைச் சுத்தியிருக்குற ரிங் மட்டும் மாத்திப் பார்க்கலாம். மேலிருந்து கீழா கோடு கோடா கீறியிருந்தா பிஸ்டன் போச்சு, சிலிண்டரையும் பார்க்கணும்.

ஏன் கீறுச்சுன்னு பார்க்காம புதுசு போடாதீங்க. ஒடுகத்தூர்ல புளியமரம் அறுக்க நான் புது பிஸ்டன் போட்டேன். மெக்கானிக் கிராங்க் ஆயில் சீலை, அதாவது இன்ஜின் தண்டுல காத்து புகாம அடைக்குற ரப்பர் வளையத்தை, தொடவே இல்ல. அது வழியா காத்து இழுத்து, ரெண்டே நாள்ல மறுபடி கீறல்! பெட்ரோல்ல கலக்குற ஆயிலும் 1:50ன்னா லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, கண்ணளவுல ஊத்தாதீங்க.

அவசரம்னா அதுவரைக்கும் வாடகைக்கு ஒண்ணு எடுத்துக்கங்க.