டியூக்கைக் கொடுத்துவிட்டு ஜிடி வாங்கலாமா?

வணக்கம் சார்,

நான்கு வருடமாக கேடிஎம் 390 டியூக் ஓட்டுகிறேன். 31,000 கி.மீ. ஆகிவிட்டது. வண்டியில் சொல்லும்படி எந்தக் குறையும் இல்லை, பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான். ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650 மேல் ஒரு வருடமாகக் கண். தினமும் போகவர 40 கி.மீ., அதில் பாதி நெரிசல். மாதம் ஒருமுறை 300 கி.மீ. போல ஒரு பயணம். சில நாள் மனைவியும் பின்னால் வருவார். வயது 38. போன வருடம் கழுத்துவலிக்காகச் சில வாரம் பயிற்சி எடுத்தேன், இப்போது பரவாயில்லை. டியூக்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து ஜிடி எடுக்கலாமா? இல்லை, டியூக்கிலேயே கிளிப்-ஆன் என்ற தாழ்ந்த ஹேண்டிலைப் போட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாமா?

ர.

அன்புள்ள ர.,

கிளிப்-ஆன் யோசனையை முதலில் ஓரங்கட்டிவிடுவோம். டியூக்கின் முன் ஃபோர்க் (முன்வீலைத் தாங்கும் இரட்டைக் குழாய்) தலைகீழ் வகை. 43 மி.மீ. என்று எழுதியிருப்பது கீழே இறங்கி ஏறும் உள்குழாயின் விட்டம். கிளிப்-ஆன் பிடிக்க வேண்டியது மேலே உள்ள வெளிக்குழாயை, அது இன்னும் தடிமன். 43 என்று படித்துவிட்டு வாங்கி வந்தால் மாட்டவே மாட்டாது. வெர்னியர் வைத்து அளந்து சரியானதையே வாங்கினாலும், ஹேண்டில் தாழ்ந்ததும் முழுக்க ஒடித்தால் கைப்பிடி டேங்கில் இடிக்கும். இடிக்காமலிருக்க ஒடிப்பைக் குறைத்தால் யூ-டர்ன் எடுக்க ரோடு போதாது. பிரேக் ஹோஸும் கிளட்ச் கேபிளும் உயரமான ஹேண்டிலுக்கு அளவெடுத்தவை. தாழ்ந்த ஹேண்டிலில் நீளம் மிஞ்சி மடங்கும். மடங்கிய கேபிளில் கிளட்ச் கனமாகும், ஹோஸ் எங்காவது நசுங்கும். சுவிட்ச் பெட்டிக்குள் இருக்கும் சின்ன முளைக்குப் புதுக் குழாயில் துளை போட வேண்டும். இத்தனையும் முடித்த பிறகும் ஃபுட்ரெஸ்ட் பழைய இடத்திலேயே இருக்கும். கை முன்னால் கீழே, கால் நடுவில் என்று உடம்பு இடுப்பில் மடிந்துபோகும். கிளிப்-ஆன் போட்ட டியூக்தான் வேண்டுமென்றால் அதை அந்தக் கம்பெனியே ஆர்சி 390 என்ற பெயரில் செய்கிறது.

இனி ஜிடி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதை ஒரு படி மேலே போவதாக நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. உங்கள் டியூக் 373 சிசி, 43 குதிரைத்திறன், 170 கிலோவை ஒட்டிய எடை. ஜிடி 648 சிசி, 47 குதிரைத்திறன், 200 கிலோவுக்கு மேல். எடையோடு வகுத்தால் சக்தி டியூக்கில்தான் அதிகம். சிக்னலில் பாய்வதிலும் வளைவில் வண்டியைச் சட்டென்று சாய்ப்பதிலும் ஜிடி நிதானமானதாகத்தான் தெரியும். 18 அங்குல வீல், முன்னால் 100, பின்னால் 130 மி.மீ. அகல டயர் என்றால் அப்படித்தான் இருக்கும். ஜிடியில் கூடுவது இழுவை, அதாவது டார்க். டியூக்கின் 37 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் வருகிறது, ஜிடியின் 52 நியூட்டன் மீட்டர் 5,200-ஐ ஒட்டியே வந்துவிடுகிறது. 2,500-லேயே அதில் 80 சதவீதம் கிடைப்பதாகக் கம்பெனி சொல்கிறது. கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இரட்டை சிலிண்டர், 270 டிகிரி கிராங்க் (இரண்டு சிலிண்டரும் சமமற்ற இடைவெளியில் வெடிக்கும் அமைப்பு) என்பதால் வரும் அந்த ஒழுங்கற்ற துடிப்பும் டியூக்கின் ஒற்றை சிலிண்டரில் கிடைக்காது. இதற்காக வாங்கினால் ஏமாற்றம் இல்லை. வேகத்துக்காக வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஆனால் நீங்கள் உண்மையில் காசு கொடுத்து வாங்கப்போவது எஞ்சினை அல்ல, உட்காரும் விதத்தை. இதே எஞ்சின், இதே சேஸிஸ் ராயல் என்ஃபீல்டின் நிமிர்ந்து உட்காரும் இன்டர்செப்டர் 650-இலும் இருக்கிறது. ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட், டேங்க், சீட் என்று உடம்பு தொடும் இடங்களில்தான் முக்கியமான வேறுபாடு. ஜிடியில் இருக்கும் கிளிப்-ஆனும் பின்தள்ளிய ஃபுட்ரெஸ்டும், 1960-களில் காபிக்கடைகளில் கூடி வண்டி விரட்டிய லண்டன் ‘கஃபே ரேசர்’ பையன்கள் நிமிர்ந்து ஓட்டும் சாதாரண வண்டிகளில் செய்துகொண்ட மாற்றம். அவர்கள் குறி மணிக்கு 100 மைல், அதாவது 160 கி.மீ. அந்த வேகத்தில் எதிர்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும், மணிக்கட்டில் பாரம் இறங்காது. 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் தாங்க ஒன்றும் இல்லை. மேலுடம்பின் எடை மொத்தமும் உள்ளங்கைக்குப் போகிறது, அதே கையால் கிளட்சும் பிடிக்க வேண்டியிருக்கிறது. நியாயமாகச் சொன்னால் ஜிடியின் கிளிப்-ஆன் அசல் ரேஸ் வண்டி அளவுக்குத் தாழ்ந்ததல்ல. ஆனாலும் உங்கள் ஓட்டத்தில் பாதி நெரிசல்.

கழுத்து இன்னொரு விஷயம். முதுகு முன்னால் சாயச் சாய, ரோட்டைப் பார்க்கத் தலையை அதே அளவு பின்னால் நிமிர்த்த வேண்டும், ஹெல்மெட் எடையோடு. லேன் மாறும்போது அதே நிலையில் கழுத்தைத் திருப்பவும் வேண்டும். ஏற்கெனவே வலி வந்த கழுத்துக்கு இது சின்ன வேலை இல்லை. உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரிடம் இப்படி உட்கார்ந்து காட்டிக் கேட்டுவிடுங்கள்.

டெஸ்ட் ரைடை ஷோரூமைச் சுற்றிப் பத்து நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு எந்த வண்டியும் சுகம்தான். குறைந்தது முக்கால் மணி நேரம், பாதி நெரிசலில், உங்கள் ஹெல்மெட், உங்கள் கிளவுஸோடு. கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள், கட்டைவிரல் கைப்பிடிக்கும் டேங்குக்கும் நடுவே நசுங்கக் கூடாது. காலியான நேர்ரோட்டில் முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டு கைப்பிடியை மிக லேசாகத் தொட்டபடி ஓட்டுங்கள். வயிறும் தொடையும் உடம்பைத் தாங்கினால் இந்த வண்டி உங்களுக்குப் பழகிவிடும். கை தானாகவே ஊன்றத் தொடங்கினால் பழகாது. மனைவியையும் ஒருமுறை ஏற்றிக்கொள்ளுங்கள். பிரேக் அடிக்கும்போது பின்னால் இருப்பவர் எடையும் உங்கள் முதுகு வழியாக அதே மணிக்கட்டுக்குத்தான் வரும். ஷோரூமில் பலர் சோதிக்காமல் விடுவது இதை. தீர்ப்பை இறங்கியதும் சொல்ல வேண்டாம், மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சொல்லுங்கள்.

சஸ்பென்ஷனையும் கவனியுங்கள். டியூக்கில் பின்னால் 150 மி.மீ. அசைவு, ஜிடியில் 88 மி.மீ.தான். குழிகளில் வித்தியாசம் இடுப்பில் தெரியும். இருப்பதைச் சரியாக வைத்தால் பாதித் தொல்லை குறையும். பின்வீல் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, ஆக்ஸிலிலிருந்து நேர்மேலே சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு நீங்கள் உட்கார, வேறொருவர் அதே தூரத்தை அளக்கட்டும். வித்தியாசம் 25 முதல் 30 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் ஷாக்கின் ப்ரீலோடு வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டி அழுத்தி வைக்கும் வளையம்) இரண்டு பக்கமும் ஒரே படிக்கு இறுக்குங்கள். ஒன்று இரண்டாம் படியிலும் மற்றது மூன்றாம் படியிலும் இருக்கிற வண்டிகள் நிறைய ஓடுகின்றன.

ஸ்போக்ஸ் வீல் அழகுதான். ஆனால் உள்ளே டியூப். பஞ்சர் என்றால் வீலைக் கழற்ற வேண்டும், வழியில் குச்சியைச் செருகிக் காற்றடித்துக் கிளம்ப முடியாது. 2023-இலிருந்து சில வண்ணங்களில் அலாய் வீலும் டியூப்லெஸ் டயரும் வருகின்றன. மாதாமாதம் 300 கி.மீ. பயணம் போகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஸ்போக்ஸ்தான் வேண்டுமென்றால் சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக் கேட்கப் பழகுங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று ஒலிக்கும்.

ஒரே எஞ்சினில் நிமிர்ந்த வண்டி ஒன்று, தாழ்ந்த வண்டி ஒன்று என்று ஜோடியாக விற்பது இப்போது ரெட்ரோ என்ற பழைய தோற்ற வண்டிகளில் பொது வழக்கம். கவாசாகி இசட்900ஆர்எஸ்ஸும் அதன் கஃபேயும், யமஹா எக்ஸ்எஸ்ஆர்900-உம் அதன் ஜிபியும், டிரையம்ப் ஸ்பீடு 400-உம் திரக்ஸ்டன் 400-உம் அப்படித்தான். கடைசி ஜோடி 17 அங்குல வீலும் 398 சிசி ஒற்றை சிலிண்டருமாக உங்கள் டியூக்குக்குக் கிட்டத்தில் இருப்பது. திரக்ஸ்டனையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தோற்றம் மாறும், ஓட்டம் அதிகம் மாறாது.

என் கருத்தைக் கேட்டால், நீங்கள் எழுதியதை வைத்து, ஜிடி இப்போது வேண்டாம். இன்டர்செப்டர் உங்களுக்குப் பொருந்தும். அந்த முக்கால் மணி நேர ஓட்டத்துக்கு மறுநாள் கழுத்து எதுவும் சொல்லவில்லை என்றால் மட்டும் ஜிடி பக்கம் திரும்புங்கள்.

எதை எடுத்தாலும் டியூக்கை முதலில் வெளியே விற்றுப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கடைக்காரர் லாபமும் உங்கள் வண்டியின் விலையில்தான் கழியும். வெளியில் வாங்கிப் போட்ட சைலன்சர், கண்ணாடி இருந்தால் கழற்றித் தனியாக விற்றுவிட்டு ஒரிஜினலை மாட்டுங்கள். புது டயர் போடாதீர்கள், அந்தக் காசு திரும்பாது. பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்விளிம்பில், நடு உயரத்தில் செயினை விரலால் பின்னால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்த்து மாற்ற வேண்டியவை, வாங்க வருகிறவர் அதை முதலில் பார்ப்பார். முன்வீலைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் ஸ்டியரிங் பேரிங் போயிருக்கிறது. அதை மட்டும் விற்கும் முன் மாற்றிவிடுங்கள், ஓட்டிப் பார்ப்பவர் கையில் முதல் நிமிடமே மாட்டும்.