தம்பி, ஜாக்கெட்டை விடும், முதல் வீட்டைக் கேளும்

தம்பி, உம்மட கேள்வியைப் பாத்த அண்டைக்கே பதில் எழுதோணும் எண்டு இருந்தது, ரைம் கிடைக்கேல்லை. இப்ப வேணுமெண்ட அளவு ரைம் கிடக்கு. கனடாவின்ர வட கோடி நுனவுட்டில, கிங்கைற் எண்ட ஊரில, முந்திக் கேப் டோர்செற் எண்டுதான் பேர், பனிப்புகார் மூடி ரெண்டு நாளா பிளைட் இல்லை, ஹொட்டேல் கட்டிலில இருந்து போனில தட்டிக்கொண்டிருக்கிறன். எழுத்துப் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதையும்.

வவுனியாவில இருந்து ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாசம், ஹீட்டிங் வேலை படிச்சிருக்கிறீர், நுனவுட்டில ஒரு கொம்பனி கூப்பிடுது, ஊரூராப் பறந்து பறந்து வேலை செய்யோணுமாம், எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், என்ன ஜாக்கெட் வாங்கலாம், சாப்பாடு எப்பிடி, எங்கட சனம் இருக்கா, பிஆருக்கு, நிரந்தர வதிவிடத்துக்கு, உதவுமா, இதுதானே கேள்வி. எனக்கு வாசிக்கச் சிரிப்பு வந்தது. நானும் 2007 இல ஜாக்கெட்டைப் பற்றி மூண்டு கிழமை யோசிச்சு வீட்டைப் பற்றி மூண்டு நிமிஷம்கூட யோசிக்காமல் வந்து இறங்கின ஆள்தான்.

வீட்டில இருந்து தொடங்குவம். கொன்ராக்டில ஹவுசிங் எண்ட சொல்லு இருக்கா எண்டு பாரும். இருந்தால் அது ஆற்ற வீடு, எத்தினை அறை, எத்தினை பேர் இருக்கிறது, வாடகையைச் சம்பளத்தில வெட்டுவினமோ, வேலையை விட்டால் எத்தினை நாளில வெளிக்கிடோணும், எல்லாத்தையும் எழுத்தில வாங்கும், போனில சொன்னவை எண்டு நம்பி வராதையும். இஞ்ச வீடு காசு குடுத்தால் கிடைக்கிற சாமான் இல்லை. கீழ வருஷம் முழுக்க உறைஞ்சு கிடக்கிற மண், அதில எங்கட மாதிரி அத்திவாரம் வெட்டிக் கல்லு வைக்கேலாது, வீட்டின்ர சூட்டுக்கு மண் இளகினால் வீடு சரிஞ்சு போகும், அதால தூண் இறக்கி அதுக்கு மேல வீட்டைத் தூக்கி வைச்சிருப்பினம். பலகை, ஆணி, கதவு எல்லாம் கோடையில கப்பலில வரோணும், கப்பல் யூலைக்கும் ஒக்ரோபருக்கும் இடையிலதான் ஓடும். இந்த ஊர்ச் சனத்துக்கே வீடு காணாது, ஒரு வீட்டுக்குள்ள மூண்டு குடும்பம் நெருங்கிக் கிடக்கு, அதுக்குள்ள வெளியால இருந்து வாற உமக்கும் எனக்கும் ஆர் வீடு வைச்சிருக்கப் போகினம்?

என்னையும் வீடு இருக்கு எண்டு சொல்லித்தான் கூப்பிட்டவை. கொன்ராக்டரின்ர பேர் வேண்டாம், இப்ப ஆளும் இல்லை. வந்து பாத்தால் சாமான் அறைக்கு மேல பலகைத் தட்டு, அதில மெத்தை, கீழ பொயிலர் இரவிரவா இரையும், பக்கத்து மெத்தையில நியூபவுண்ட்லாண்ட் மனுசன் ஒருத்தர், அவர் கதைச்ச இங்கிலிசு எனக்கு விளங்கேல்லை நான் கதைச்சது அவருக்கு விளங்கேல்லை. ஆறு மாசம் அப்பிடி இருந்தனான். பொறுமையால இருந்தனான் எண்டு நினையாதையும், திரும்பிப் போக ரிக்கெட்டுக்குக் காசு இல்லை, இருந்திருந்தால் ரெண்டாம் நாளே ஓடியிருப்பன்.

இன்னொண்டு, மிச்சம் பிடிக்கிற கணக்கில வடக்கில வசிக்கிறவைக்குக் குடுக்கிற வரிக் கழிவையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர். அந்தக் கழிவு நாளுக்கு 11 டொலர், வீட்டில வேற ஒருத்தரும் கேக்கேல்லை எண்டால் இன்னொரு 11, ஆனால் தொடர்ச்சியா ஆறு மாசம் வடக்கில வசிச்சிருக்கோணும். ஸ்காபரோவில வீட்டை வைச்சுக்கொண்டு மூண்டு கிழமை வேலை மூண்டு கிழமை லீவு எண்டு பறக்கிறது வசிக்கிறது இல்லை. அதைக் கேட்டு வாங்கிப்போட்டுப் பேந்து வட்டியோட திருப்பிக் கட்டின ரெண்டு பேரை எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் எங்கட ஆக்கள்தான், ரெண்டு பேரும் ஃபைல் பண்ணக் குடுத்தது ஒரே அண்ணனிட்ட.

சரி, பயணம். ட்ராவல் நாப்பது வீதம் எண்டு எழுதியிருக்கு எண்டு சொன்னீர். தம்பி, அதில பறக்கிறது கொஞ்சம், காத்திருக்கிறதுதான் மிச்சம். நுனவுட்டில 25 ஊர், ஒரு ஊரில இருந்து மற்ற ஊருக்கு ரோட்டு இல்லை, ஒட்டாவாவில இருந்து தலைநகர் இக்கலுயிற்றுக்கு மூண்டு மணித்தியாலம் ஜெட், அங்கால சின்ன பிளேன், முன்பாதியில சாமான் பின்பாதியில ஆக்கள். பாரம் கூடினால் முதல் இறக்கிறது உம்மட பெட்டி. கிறைஸ் ஃபியோர்ட் மாதிரி 76 பாகை வடக்கில இருக்கிற ஊருக்கு ரெசொலுட்டில மாறி, இன்னும் சின்ன ட்வின் ஒட்டர் பிளேனில போகோணும், அங்க மழை வெயில் மாதிரி வெதர் எண்டு சொல்லேலாது, வெதர்தான் முதலாளி.

என்ர முதல் பயணம் பாங்நிர்துங் எண்ட ஊருக்கு. பெப்ரவரி மாசம், ரெண்டு நாள் வேலை எண்டு சொல்லி அனுப்பினவை, நானும் ரெண்டு சோடி உடுப்பும் ஒரு பிஸ்கற் பெட்டியும் கொண்டு போனன். மலைக்கு நடுவில கடல் ஒரு வாய்க்கால் மாதிரி உள்ளுக்கு வந்திருக்கு, ஓடுபாதை ஊருக்கு நடுவில, காத்து அடிக்கத் தொடங்கினால் மலை இடுக்கால பிச்சுக்கொண்டு வரும், அங்க சில கட்டிடத்தைக் கம்பிக் கயிறு போட்டு நிலத்தோட இழுத்துக் கட்டியிருக்கினம், முதல் பாக்க வெளிச்ச வயர் எண்டு நினைச்சனான். மூண்டாம் நாள் காத்துத் தொடங்கினது. ஒன்பது நாள் நிண்டனான். ஹொட்டேலில அறைக்குக் காசு இல்லை, கட்டிலுக்குத்தான் காசு, மற்றக் கட்டிலுக்கு ஆர் வந்தாலும் போடுவினம், எனக்கு வந்தவர் டெலிபோன் திருத்திற மனுசன், குறட்டையில ஜன்னல் அதிரும். சாப்பாட்டுக்கு மணி இருக்கு, பிந்தினால் இல்லை.

அதால இப்ப நான் எங்க போனாலும், நாலு நாள் வேலை எண்டால் பத்து நாளுக்கு மருந்து, கையில ஒரு பாக்கில சோறு சமைக்கிற சின்னக் குக்கர், பருப்பு, ரின் மீன், ஒரு போத்தல் தூள். பர்னர் நொசில், ஃபில்ற்றர் மாதிரிச் சின்னச் சாமானைக் கோட்டுப் பொக்கற்றில வைச்சுக்கொள்ளுவன், பெட்டி வராட்டியும் வேலை நிக்காது. வரமுதல் டொக்டரிட்டப் பல்லைக் காட்டிச் சரிப்பண்ணும். சின்ன ஊரில டொக்டர் இல்லை, நேர்ஸ் மார்தான், பல் டொக்டர் எப்பவாவது வருவார், எனக்கு ஒருக்கா கடவாய்ப் பல் வீங்கி பதினொரு நாள் கராம்பை வைச்சுச் சமாளிச்சனான். குடி விசயம் கவனம். சில ஊரில முழுத்தடை, சில ஊரில கொமிற்றியிட்ட அனுமதி எடுக்கோணும், பெட்டிக்குள்ள ஒரு போத்தல் தானே எண்டு தடை ஊருக்குக் கொண்டு போய்ப் பிடிபட்டால் அங்க திருப்பி வேலைக்கு ஒருத்தரும் எடுக்க மாட்டினம்.

வேலையைப் பற்றி நீர் ஒண்டும் கேக்கேல்லை, எல்லாம் தெரியும் எண்டு நினைக்கிறீர் போல. ரொறன்ரோவில ஃபர்னஸ் நிண்டால் ஆக்கள் போர்வையைப் போத்துக்கொண்டு உம்மைத் திட்டுவினம். இஞ்ச மைனஸ் நாப்பதில நிண்டால் கொஞ்ச மணித்தியாலத்தில தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்கும், பிறகு அந்த வீடு கோடை வரைக்கும் வீடு இல்லை. வருஷம் முழுக்கத் தேவையான எண்ணெயும் கோடையில கப்பலிலதான் வரும், வீட்டுக்கு வெளியால ராங்க், அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி சேர்ந்தால் காணும், லைனில ஐஸ் அடைக்கும். காத்தடிச்ச அண்டைக்கு முதல் பாக்கிறது புகைபோக்கிதான், தூள் ஸ்நோ போய் இறுகியிருக்கும். இதை எனக்கு ஒரு பள்ளிக்கூடமும் சொல்லித்தரேல்லை, பாங்நிர்துங்கில ஒரு கிழவிதான் விரலைக் காட்டிச் சொன்னவ.

அந்தக் கதையைச் சொல்லோணும். காத்து அடிக்கிற நாள், கிழவியின்ர வீட்டில ஹீற் இல்லை, போய்ப் புகைபோக்கியைத் துப்புரவாக்கிப் பத்தவைச்சன். இப்ப ஓக்கேயா எண்டு கேட்டன். பதில் இல்லை. ஓக்கேயா எண்டு கொஞ்சம் சத்தமாக் கேட்டன். என்னைப் பாத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறா. மூண்டாம் தரம் கத்தினன், பேரப் பொடியன் சிரிச்சுப்போட்டு, அவ மூண்டு தரமும் ஓம் எண்டு சொல்லிப்போட்டா எண்டான். புருவத்தை மேல தூக்கினால் ஓம், மூக்கைச் சுருக்கினால் இல்லை, அவ்வளவுதான், வாய் திறக்கத் தேவையில்லை. நாங்கள் தலையை ஆட்டிற ஆட்டைப் பாத்து வெள்ளைக்காரன் முழுசிற மாதிரி நான் முழுசிக்கொண்டு நிண்டன். பிறகு நிலத்தில காட்போட்டை விரிச்சு உறைஞ்ச மீனை வெட்டிப் பச்சையாத் தந்தவ, நான் தயங்க, உள்ளுக்குப் போய்க் காய்ஞ்ச மீன் ஒண்டு கொண்டுவந்தா. பிப்சி எண்டு சொல்லுவினம். தம்பி, கருவாடு! உப்பில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பிஸ்கற்றோட அஞ்சு நாள் கிடந்தவனுக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாரும். அண்டைக்குத்தான் இந்த ஊரில இருந்து பாப்பம் எண்டு நினைச்சது.

இஞ்சத்தச் சனத்தை எஸ்கிமோ எண்டு சொல்லாதையும். இனுயிற், ஒராள் எண்டால் இனுக். எங்கட சனம் ரொறன்ரோவில கலியாண வீட்டில என்னைக் கண்டால் இண்டைக்கும் எஸ்கிமோ எப்பிடி இருக்கிறான், ஐஸ் வீட்டிலயோ இருக்கிறீர் எண்டு கேக்கும், பதினெட்டு வருஷமா அதே பகிடி. யாழ்ப்பாணத்தில இருந்து வந்து, எங்களை ஒருத்தன் பேர் தெரியாமல் பாக்கி, பாகிஸ்தான்காரன், எண்டு இழிவாக் கூப்பிட்டதை மறந்து போனவை. வெளியால நிக்கிற சப்பாத்து எத்தினை சோடி எண்டு பாத்து உள்ளுக்கு எத்தினை பேர் எண்டு சொல்லுற வீடு, தட்டாமல் கதவைத் திறந்து வந்து இருந்து தேத்தண்ணி குடிச்சுப் போற சொந்தம், இதெல்லாம் எங்களுக்குப் புதுசோ?

அவையளின்ர பாஷையும் எங்கட மாதிரித்தான். உயிர் மூண்டுதான், அ இ உ, மூண்டுக்கும் குறில் நெடில் இருக்கு, நெடிலுக்கு மேல ஒரு புள்ளி, மெய்யெழுத்து எண்டால் மேல சின்னதா எழுதுவினம். ஒரு சொல்லுக்குப் பின்னால ஒண்டுக்குமேல ஒண்டா ஒட்டி ஒட்டி ஒரு முழு வசனத்தையே ஒரு சொல்லாக்குவினம். எழுத்தை நான் ரெண்டு கிழமையில வாசிக்கத் தொடங்கினன், ஸ்ரொப் போட்டில நுக்கரிற் எண்டு எழுத்துக்கூட்டி வாசிச்ச அண்டைக்கு நடு ரோட்டில நிண்டு சிரிச்சனான். என்னோட வேலை செய்த ஒட்டாவா ஆள் ஆறு வருஷம் இருந்து நன்றி எண்ட சொல்லையே படிக்காமல் போனவர். குயன்னாமீக், எழுதி வைச்சுக்கொள்ளும்.

பேர் விசயத்தில இன்னும் கிட்ட. உமக்குத் தெரியும்தானே, எங்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு இல்லை, இஞ்ச வந்து படிவத்தில கட்டம் வெறுமையா இருக்கக்கூடாது எண்டு அப்பாவின்ர பேரைப் போட்டது. என்ர அப்பா செத்து முப்பது வருஷம், பாங்கில இண்டைக்கும் மிஸ்டர் போட்டு அவரைத்தான் கூப்பிடினம், நான் எழும்பிப் போறன். ஒரு வயசாளிக்கு இதைச் சொன்னன். அவர் லாச்சியைத் திறந்து நூலில கோத்த ஒரு சின்ன வட்டத் தகடு எடுத்துக் காட்டினார், இங்கிலிசு ஈ எண்ட எழுத்து, பிறகு இலக்கம். 1940களில அரசாங்கம் இவையளுக்குக் குடும்பப் பேர் இல்லை எண்டு இலக்கம் குடுத்தது, கிழக்கெண்டால் ஈ, மேற்கெண்டால் டபிள்யூ, கழுத்தில கட்டச் சொன்னது. பிறகு 1968 இல இருந்து 1971 வரைக்கும் ஏப் ஒக்பிக் எண்டவர், அவரும் அவையளில ஒராள்தான், ஊரூராப் போய் குடும்பம் குடும்பமாக் கேட்டுப் பேர் பதிஞ்சவர். அந்தக் கிழவன் தகட்டைத் திருப்பி வைச்சுக்கொண்டு, உனக்கு உன்ர அப்பாவையாவது தந்தாங்கள் எண்டார். அவையளுக்கு பேர் சும்மா பேர் இல்லை, செத்த ஆளின்ர பேரைப் பிள்ளைக்கு வைச்சால் அந்த உறவும் வந்திடும், ரெண்டு வயசுப் பொடியனை ஒரு மனிசி அப்பா எண்டு கூப்பிட்டு மடியில வைச்சுச் சோறு தீத்திறதைக் கண்டிருக்கிறன். பேரன் எண்ட சொல்லு எங்களிட்டயும் அப்பிடி வந்ததுதானே.

எங்க விட்டனான். ஓம், மற்றக் கேள்வியள். பிஆர் பற்றி எனக்குத் தெரியாது, சட்டத்தரணியைக் கேளும். எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் எண்டது உம்மட வாயைப் பொறுத்தது, நொந்துகொள்ளாதையும். ஜாக்கெட், டவுண்டவுணில சனம் நுள்ளுப்படக் காட்டிற விலை ஜாக்கெட் வேண்டாம், ஒரு நல்ல சப்பாத்தும் உள்ளுடுப்பும் வாங்கிக்கொண்டு வாரும், இஞ்ச தைக்கிற மனுசியளிட்ட ஓநாய் மயிர் வைச்ச பார்க்கா, தொப்பி வைச்ச கோட்டு, தைக்கச் சொல்லும், மூச்சுப்பட்டு அதில கட்டுற ஐஸைக் கையால தட்டிவிடலாம். எங்கட சனம் இக்கலுயிற்றில ஒண்டிரண்டு குடும்பம் வரும் போகும், கோயில் இல்லை, 2016 இல இருந்து மசூதி ஒண்டு இருக்கு, அதில இருக்கிற ஆக்கள் நல்ல மனுசர், என்னை நோன்பு கஞ்சிக்குக் கூப்பிடுறவை. வாற சனத்தில கனபேர் ரெண்டு வருஷக் கணக்கோடதான் வருது, நாட்காட்டியில நாளை வெட்டி வெட்டி. ஊர்ச் சனத்துக்கு அது முகத்தைப் பாத்தவுடன தெரியும், பேர் கேக்க மாட்டினம். பேர் கேட்டால் நீர் தப்பினீர்.

மூண்டு மணிக்கு வெதர் திரும்பப் பாக்கினமாம், ஜன்னலால பாத்தால் எதிர் வீடே தெரியேல்லை. கீழ சாப்பாட்டு மேசைக்குக் கல்லில செதுக்கின கரடியோட ஒரு பொடியன் வந்து நிக்கிறான், நேற்றும் வந்தவன், இண்டைக்கு வாங்கிப்போடுவன் போல. நீர் வாறதெண்டால், வீடு எழுத்தில வந்த பிறகு மட்டும், வரேக்க ஒரு கிலோ ஒடியல் மா கொண்டு வாரும். சார் மீன் தலை என்னட்ட ஃபிரீசரில ஏழு கிடக்கு, கூழ் காய்ச்சுவம்.