காட்டு இஞ்சி பற்றிக் கேட்டவர்களுக்கு

தாவர வேதியியல்தான் என் தொழில். ஜிஞ்சிபர் ஜெரும்பெட் என்ற காட்டு இஞ்சியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றுக்கு முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தென்காசிப் பக்கம் எங்கள் தோப்பில் சிவப்புக் கூம்பு மாதிரிப் பூ. அமுக்கினால் கொழகொழவென்று நீர் வருகிறது. இதுதானா?

பதில்: பெரும்பாலும் அதேதான் தம்பி. பூ, இலைத்தண்டின் நுனியில் வராமல் தரையிலிருந்து தனிக் காம்பில் எழும்பும். முதலில் பச்சை, முற்ற முற்றச் சிவப்பு. அந்த நீரைத்தான் ஹவாயில் தலைக்குத் தேய்த்துக் குளிப்பார்கள். கிழங்கை நறுக்கினால் உள்ளே வெளிர் மஞ்சள், இஞ்சி வாசம். கசக்கும், ஆனால் சோதிக்க நாக்கில் வைக்காதீர்கள்.

கேள்வி: எம்.எஸ்ஸி. செய்கிறேன். ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலை அளக்கும் டிபிபிஎச் சோதனையில் என் காட்டு இஞ்சிக் கிழங்குச் சாற்றுக்கு ஐசி50 அதிகமாக வந்திருக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றல் அதிகம் என்று எழுதலாமா?

பதில்: கூடாதும்மா, தலைகீழ். குழாயில் அடர் ஊதாவாக இருக்கும் டிபிபிஎச் கரைசல், சாறு சேர்ந்ததும் வெளுத்து மஞ்சளாகிறது அல்லவா? பாதி அளவு வெளுக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதுதான் ஐசி50. எண் சிறியதாக இருந்தால்தான் ஆற்றல் பெரிது. பக்கத்திலேயே வைட்டமின் சி குழாய் ஒன்று வைத்து ஒப்பிடுங்கள். இந்தக் கிழங்கின் முக்கியச் சரக்கான ஜெரும்போன், பீனால் வகை அல்ல; இந்தச் சோதனையில் அது பெரிதாக எதுவும் செய்யாது. நிறத்தை வெளுப்பது கூட இருக்கும் பீனால்கள். எந்தக் கரைப்பானில் சாறு எடுத்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: மலேசியாவின் ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். பாட்டி வயிற்று வலிக்கு லெம்போயாங் (இங்கே காட்டு இஞ்சிக்கு அதுதான் பெயர்) அரைத்துக் கொடுப்பார். இப்போது மாத்திரையாக விற்கிறார்கள், புற்றுநோயைக் கொல்லுமாம். அம்மாவுக்கு வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அக்கா. ஜெரும்போன் ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்லைக் கொல்வது உண்மை. எப்படிக் கொல்கிறது என்பதுதான் விஷயம். பதினொரு கார்பன் வளையம் கொண்ட அந்த மூலக்கூறு, செல்லுக்குள் இருக்கும் குளுட்டாத்தயோனின் கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. குளுட்டாத்தயோன் செல்லின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் கையிருப்பு. அளவு குறைவாக இருந்தால் செல் உஷாராகி இன்னும் தயாரித்துக்கொள்ளும். கூடினால் கையிருப்பு தீர்ந்து செல் சாகும். மருந்தும் நஞ்சும் ஒரே கை செய்கிற வேலை. அது ஈரல் செல்லை மட்டும் விட்டுவைக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை.

நாம் தினமும் சாப்பிடும் மஞ்சளையே பாருங்கள். மாத்திரையாக எடுத்து ஈரல் கெட்ட பத்துப் பேரைப் பற்றி அமெரிக்க ஈரல் ஆய்வுக் குழு 2022இல் எழுதியது, ஒருவர் இறந்தார். மிளகின் பைப்பரினைச் சேர்த்து உடம்பில் ஏறும் அளவைக் கூட்டிய மாத்திரைகளும் அதில் இருந்தன. பாட்டி கொடுத்த ஒரு சுண்டு விரல் அளவும் மாத்திரையும் ஒன்றல்ல. அம்மாவின் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: நச்சுச் சோதனையில் சாறு விட்ட நீரில் உப்புநீர் இறால் குஞ்சு சாகவில்லை என்றால் சாறு பாதுகாப்பானதுதானே?

பதில்: இல்லை. அது முதல் சல்லடை மட்டும்.

கேள்வி: காட்டில் தோண்டும்போது வேறு கிழங்கோடு குழம்ப வாய்ப்பு உண்டா?

பதில்: எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். செங்காந்தளின் கண்வலிக்கிழங்கு மண்ணோடு பார்க்க இஞ்சி போலவே இருக்கும். கலப்பை போல வளைந்திருக்கும், கீறினால் இஞ்சி வாசம் வராது. அதிலுள்ள கொல்கிசின் என்ற நஞ்சு வேக வைத்தாலும் போகாது. சில மணி நேரத்தில் வாந்தி, பேதி தொடங்கும். நடுவில் சற்றுத் தெளிந்தது போலிருந்தாலும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள், அடுத்த நாட்களில்தான் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாக அடிபடும். சந்தேகம் வந்த உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு.