அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுக்கிறோம். பெற்றோரையும் தன்னார்வலர்களையும் இதில் எப்படிச் சேர்ப்பது?

பள்ளியில் கூட்டம் போட்டு நாலைந்து பேர்தான் வந்திருப்பார்கள், அந்த வருத்தத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊர். தொடக்கப் பள்ளியில் 42 பிள்ளைகள். 2022-இல் ஆளுக்கு மூன்று படக்கதைப் புத்தகம் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து வீடு வீடாகப் போய்ப் பார்த்தால், பல வீடுகளில் புத்தகம் பீரோவுக்குள் இருக்கிறது. "கிழிச்சிடுவான்னு எடுத்து வச்சிருக்கேன்க்கா" என்றார் ஓர் அம்மா. அதை அக்கறையின்மை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். புத்தகத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அது. கிழிந்தால் பரவாயில்லை என்று நாங்கள் ஒருவருமே அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் கூட்டம் போடுவதையே விட்டோம். நூறு நாள் வேலை, களையெடுப்பு என்று போய்வந்து, சமையலும் முடித்து, எட்டு மணிக்குத் தெருவிளக்கடியில் அம்மாக்கள் உட்காருவார்கள் இல்லையா, அங்கே போனோம். எழுதப் படிக்கத் தெரியாது என்று ஒதுங்கியவரிடம், படத்தைப் பார்த்துச் சொல்லுங்க போதும் என்றேன். எருமைப் படத்தைப் பார்த்ததும் தன் அப்பா வளர்த்த எருமையின் கதையைச் சொன்னார். "அப்படி எழுதலம்மா" என்று மகள் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள்.

படிக்காதவர்களை வைத்து என்ன வாசிப்பு என்று சிலர் கேட்பார்கள். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடத்தைப் பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது. படிப்புத் தகுதி கேட்கவில்லை.

தன்னார்வலர்களை உள்ளூரிலேயே தேடுங்கள். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஊரிலேயே பாடம் சொல்லித்தந்த பெண்களுக்கு எந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டும், எது சரளமாகப் படிக்கும் என்று தெரியும். வெளியூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு ஞாயிறு வந்து படம் எடுத்துக்கொண்டு போன அண்ணன் எப்ப வருவாரு என்று பிள்ளைகள் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. வாரம் ஒரு மணி நேரம், ஆறு மாதம் வர முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். எங்கள் ஊர் நூலகமோ பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது பூட்டியிருக்கிறது. மனு கொடுத்தும் நேரம் மாறவில்லை.

சரி, புத்தகத்தோடு தெருவுக்கு ஒரு செலோடேப்பும் வாங்கிக் கொடுங்கள். எங்கள் தெருவில் அந்த டேப், புத்தகத்தைப் பீரோவில் பூட்டி வைத்த அந்த அம்மாவின் வீட்டில்தான் இருக்கிறது. கிழிந்த புத்தகமெல்லாம் அவரிடம்தான் போகும்.