15 வயது மகளுக்கு மூன்று வருட அக்ரிமென்ட்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே பாட்டு கற்றுக்கொள்கிறாள். டிவி பாட்டுப் போட்டி ஒன்றில் கடைசிச் சுற்றுகள் வரை வந்தாள். அதைப் பார்த்துக் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஆங்கராகக் கூப்பிட்டார்கள். அப்புறம் ஒரு சீரியலில் கதாநாயகியின் தங்கையாகச் சில மாதங்கள் நடித்தாள். இப்போது ஒரு தயாரிப்பு நிறுவனம் மூன்று வருட ஒப்பந்தம் கேட்கிறது. நடிப்பு, பாட்டு, ஆங்கரிங் மூன்றும் அவர்களுக்கு மட்டும்தான் செய்ய வேண்டும், அவளுடைய இன்ஸ்டாகிராம் கணக்கையும் அவர்களே நடத்துவார்கள். முதல் வேலையே புது சீரியலில் கதாநாயகி, கல்யாணமான பெண் வேடம். "ஸ்ரீதேவி 13 வயதில் கதாநாயகி ஆகவில்லையா, இதை விட்டால் அப்புறம் வராது" என்கிறார் கோஆர்டினேட்டர். என் கணவர் எதுவுமே வேண்டாம், படிக்கட்டும் என்கிறார். மகள் எங்கள் இரண்டு பேரிடமும் பேசுவதில்லை. கையெழுத்துப் போடலாமா? மூன்றில் எதைத் தொடர விடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தக் கோஆர்டினேட்டர் இன்னும் பல தடவை போன் செய்திருப்பார்.

கையெழுத்து வேண்டாம் என்றால் வாய்ப்பே வேண்டாம் என்று அர்த்தமில்லை. உங்கள் கணவரும் கோஆர்டினேட்டரும் எதிரெதிராகப் பேசுவதாகத் தெரிந்தாலும், ஒருவர் மொத்தமாக விடச் சொல்கிறார், மற்றவர் மொத்தமாகக் கொடுக்கச் சொல்கிறார், 15 வயதில் இரண்டுக்குமே அவசியமில்லை. உங்கள் மகள் இதுவரை வந்த பாதையையே பாருங்கள்: போட்டி முடிந்தது, அதைப் பார்த்து ஆங்கரிங் வந்தது, அதைப் பார்த்து சீரியல் வந்தது. ஒவ்வொன்றும் தனி வேலை, தனியாகத் தொடங்கித் தனியாக முடிந்தது, யாரும் அவளைக் கட்டிப்போடாத நேரத்தில்தான் மூன்றும் தேடி வந்தன. இன்னும் சில வருடங்களுக்கு இப்படியே போகட்டும்: ஒரு வேலை, அதற்கு மட்டும் ஒரு கடிதம், முடிந்ததும் வீடு.

அந்த அக்ரிமென்ட்டுக்கு வருகிறேன். நம் நாட்டில் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை வைத்து 1903-இல் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதனால்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். "சின்னப் பெண்தானே, செல்லாத ஒப்பந்தம்தானே, பிடிக்கவில்லை என்றால் வெளியே வந்துவிடலாம்" என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். குறித்த தேதியில் மகள் வருவாள், வராவிட்டால் நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று பெற்றோர் தங்கள் பெயரில் எழுதிக் கொடுக்கிற வாசகங்கள் இருக்கின்றனவே, அவற்றை வைத்து உங்கள் மேல் வழக்குப் போடலாம். ஆனால் நிறுவனம் சொன்ன சொல் தவறினால் உங்கள் மகளுக்குப் பிடிமானம் மிகக் குறைவு. 1940-களின் கடைசியில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு இதே மாதிரி ஒரு வழக்கு போனது: மைனர் நடிகை ஒருவருக்காக அப்பா ஒப்பந்தம் போட்டார், தயாரிப்பாளர் அந்த வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார், அந்தப் பெண் வழக்குப் போட்டுத் தோற்றார். மைனர் கொடுத்த வாக்கு சட்டத்தின் கண்ணில் ஒன்றுமில்லை, ஆகவே அதற்கு ஈடாகத் தயாரிப்பாளர் கொடுத்த வாக்கையும் கேட்டு வாங்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக வரும் வழக்கு.

"அவர்களுக்கு மட்டும்" என்ற வரியையும் திருப்பிப் படியுங்கள். உங்கள் மகள் வேறு எங்கும் போகக்கூடாது என்று அதில் இருக்கும். அவர்கள் அவளுக்கு வருடத்துக்கு இத்தனை நாள் வேலை கொடுத்தே தீருவோம் என்று இருக்கிறதா? வேலை கொடுக்காத மாதத்துக்குப் பணம் உண்டா? தைரியமாகக் கேட்டுப் பாருங்கள். சீரியல் நின்றுபோனால் அவள் 18 வயது வரை வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும், அதுவும் எல்லோரும் அவளை மறந்துபோகிற நேரம்.

இன்னொரு விஷயம் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் திருத்தம் வந்தது, 2017-இல் அதற்கான விதிகள் வந்தன. குழந்தை நட்சத்திரம் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது, மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும், சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். நல்ல விதிகள். ஆனால் இவை 14 வயது நிரம்பாதவர்களுக்காக எழுதப்பட்டவை. குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் பதின்வயதினரையும் சேர்த்துப் பேசுகின்றன, என்றாலும் வழிகாட்டுதலுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. 15 வயதுப் பெண்ணைப் பெரியவர்களோடு சேர்த்து முழு கால்ஷீட்டில் ஓட்டுவது இதனால்தான் சுலபமாகிவிடுகிறது. எனவே அந்த ஐந்து மணி நேரத்தையும் ஓய்வையும் நீங்களே நிபந்தனையாக எழுத்தில் கேளுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நீங்கள் கேட்பதை யாரும் தடுக்க முடியாது.

அடுத்து, கதாநாயகி வேடம். பல சீரியல்கள் இப்போது வாரத்துக்கு ஆறு நாள் ஓடுகின்றன, கதாநாயகி இல்லாத எபிசோடே இருக்காது. தங்கை வேடத்தில் இருந்தவளுக்குப் பரீட்சை வந்தால் கதையில் அவளை ஊருக்கு அனுப்பிவிடலாம். கதாநாயகியை அப்படி அனுப்ப முடியாது. அதைவிட முக்கியம், 15 வயதுப் பெண் ஒரு பெரிய ஆணுக்கு மனைவியாக, முதலிரவு முதல் மாமியார் கொடுமை வரை நடிக்கக் கூடாது. மேக்கப் போட்டால் 22 மாதிரி தெரிவாள் என்பார்கள். தெரியலாம், ஆனால் அந்தக் காட்சியில் நிற்பவளுக்கு 15 வயதுதான், அதைப் பார்த்துவிட்டு வருகிற கமென்ட்டுகளைப் படிக்கப்போவதும் அவள்தான். இதில் பேரம் பேச எதுவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்ரீதேவி விஷயம் உண்மைதான். 1976-இல் தமிழில் கதாநாயகியாக வந்தபோது அவருக்கு 13 வயது. அன்றைக்கு யாரும் கேள்வி கேட்கவில்லை என்பது இன்றைக்கும் அதைச் செய்யலாம் என்பதற்குக் காரணம் ஆகாது. கோஆர்டினேட்டர்கள் எப்போதும் ஜெயித்த ஒரு பெயரைத்தான் சொல்வார்கள், அதே வயதில் தொடங்கிக் காணாமல் போனவர்களின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? "விட்டால் வராது" என்பதற்குப் பதிலாக நான் ஷாலினியைச் சொல்வேன். 1980-களில் குழந்தை நட்சத்திரமாகத் தென்னிந்தியா முழுக்கத் தெரிந்த முகம், நடுவில் பல வருடங்கள் ஒதுங்கியிருந்துவிட்டு 1997-இல் மலையாளத்தில் கதாநாயகியாகத் திரும்பினார், 1999-இல் ஒரு தமிழ்ப் படத்தில் சொந்தக் குரலில் பாடவும் செய்தார். இடைவெளி விட்டதால் அவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சரி, மூன்றில் எது? பாட்டு. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நடிப்பை 20 வயதில் தொடங்கலாம், ஆங்கரிங்கை 30-இல் கூடத் தொடங்கலாம், குரலுக்கு இந்த வயதில் செய்யும் பயிற்சியும் இந்த வயதில் செய்யும் கெடுதலும் நெடுநாள் நிற்கும்.

குரல் உடைவது ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கும் குரல்நாண் நீண்டு தடிக்கிறது, குரல் இரண்டு மூன்று அரைச்சுரம் அளவுக்குக் கீழே இறங்குகிறது, பாடும்போது காற்று கலந்து வருகிறது, நேற்று சுலபமாகத் தொட்ட மேல் ஷட்ஜமம் (மேல் 'ஸ') இன்றைக்குப் பிசிறுகிறது. மெதுவாக நடப்பதால் வெளியில் தெரிவதில்லை, பெண்ணுக்குத் தெரியும், தனக்குப் பாட வராமல் போய்விட்டதோ என்று உள்ளுக்குள் பயப்படுவாள். போட்டியில் பாடிய பாட்டை அதே கட்டையில் (சுருதி அளவில்) பாடு, ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று மேடைக்கு மேடை கேட்பார்கள். அவள் பாட்டு டீச்சரிடம் பேசி, இப்போது எந்தச் சுருதி சுகமாக இருக்கிறதோ அதற்கு இறக்கிவிடுங்கள், கேட்பவர்கள் பழகிக்கொள்வார்கள்.

இதில் ஆங்கரிங்கும் குறுக்கே வருகிறது. ஸ்பீக்கர் சத்தத்துக்கு மேலே நாள் முழுக்க "எல்லாரும் ஜோரா ஒரு கைதட்டு" என்று கத்துவது பாடுவதைவிடத் தொண்டைக்குக் கெடுதல். தன் குரல் தனக்குக் கேட்கிற மாதிரி மானிட்டரோ இயர்பீஸோ கேட்டு வாங்கட்டும், மைக் இருக்கும்போது கத்த வேண்டிய அவசியமில்லை என்று பழகட்டும், ஷூட்டிங்குக்கு மறுநாள் ரெக்கார்டிங் வைக்காதீர்கள். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள், தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டால் "ட்ராக்கா, ஃபைனலா?" என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். மாதிரிக்குப் பாட வைத்துவிட்டுப் பிறகு வேறு பாடகியை வைத்துப் பதிவு செய்வது தொழிலில் சாதாரணம், தப்பில்லை, ஆனால் தெரியாமல் போன சின்னப் பெண்கள் பாட்டு வெளியாகும் அன்று சொந்தக்காரர்கள் முன்னால் அவமானப்பட்டு நிற்கிறார்கள்.

குரலைப் பார்த்துக்கொண்டால் இரண்டாவதாக ஆங்கரிங்கை வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் சில எபிசோடுகளை எடுத்து முடிப்பார்கள், லீவு நாளில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், வயதுக்கு மீறிய வேடம் போட வேண்டியதில்லை, எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டு அதிலிருந்து அடுத்த கேள்வியைப் பிடிக்கும் பழக்கம் வந்தால் அது நடிப்புக்கும் கைகொடுக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, அவள் பெயரில் பான் கார்டு எடுங்கள், கார்டியனாக உங்கள் பெயரைச் சேர்த்து வங்கிக் கணக்கு தொடங்குங்கள், எல்லாப் பேமென்ட்டும் அதில் வரட்டும். சொந்தத் திறமையால் மைனர் சம்பாதிப்பது அவளுடைய வருமானமாகவே கணக்கிடப்படும், அதைப் போட்டு வைத்து வரும் வட்டி பெற்றோர் வருமானத்தோடு சேரும், ஒரு ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்ற குழந்தை நட்சத்திரம் வளர்ந்த பிறகு தான் சம்பாதித்ததை அம்மாவும் அம்மாவின் இரண்டாவது கணவரும் செலவழித்துவிட்டதைக் கண்டு 1938-இல் வழக்குப் போட்டார், அதன் பிறகுதான் கலிஃபோர்னியாவில் 1939-இல் சட்டமே வந்தது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. கணக்கை இப்போதே அவளுக்குக் காட்டி வைத்துவிட்டால் பின்னாளில் மனக்கசப்பு வராது.

இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அந்த அக்ரிமென்ட்டில் "குரல், உருவம், பெயர் ஆகியவற்றை எல்லா ஊடகங்களிலும், இனி வரப்போகும் தொழில்நுட்பங்களிலும் பயன்படுத்தும் உரிமை" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரு குரலை நகலெடுத்துப் பாட வைக்க முடிகிற காலம் இது, பாடுகிற பெண்ணுக்கு அந்த ஒரு வரி போதும், குரலே கையை விட்டுப் போய்விடும். எந்தக் கடிதத்தில் இப்படி இருந்தாலும் அடித்துவிட்டு, அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். செட்டில் எப்போதும் நீங்களோ கணவரோ அவள் கண்ணில் படுகிற தூரத்தில் இருக்க வேண்டும், ஹோட்டல் அறையில் ஆடிஷன் என்றால் போக வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அவள் பேசாமல் இருப்பதுதான். அவளைப் பற்றி மூன்று பெரியவர்கள் முடிவு செய்துகொண்டிருக்கிறீர்கள், அவளிடம் யாரும் அந்தப் பேப்பரைக் காட்டியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. எடுத்து வைத்து அவளோடு சேர்ந்து வரி வரியாகப் படியுங்கள், உங்கள் கணவரும் உட்காரட்டும். சில மாதங்கள் செட்டில் இருந்தவள், உங்களைவிட நன்றாகக் கேள்வி கேட்பாள். அங்கே எது பிடித்தது, எது சங்கடமாக இருந்தது என்று கேளுங்கள், பதில் வந்ததும் "பார்த்தாயா, இதற்குத்தான் வேண்டாம் என்றேன்" என்று சொல்லிவிடாதீர்கள். ஏதாவது சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு முறை பயந்துவிட்டால், நாளைக்கு நிஜமாகவே ஒரு தொந்தரவு வரும்போது உங்களிடம் சொல்ல மாட்டாள். உங்கள் கணவரிடம் இந்த ஒரு காரணத்தைச் சொல்லுங்கள், மொத்தமாக வேண்டாம் என்பதை அவரே மாற்றிக்கொள்வார் என்று நம்புகிறேன்.

கோஆர்டினேட்டருக்குப் போனில் பதில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள்: மூன்று வருட ஒப்பந்தமும் அந்த வேடமும் வேண்டாம், பொதுத்தேர்வு முடிந்த பிறகு வயதுக்கேற்ற வேடமோ ஆங்கரிங்கோ இருந்தால் நிகழ்ச்சிக்குத் தனித்தனியாகப் பேசலாம், நேரமும் கூட வருபவரும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். அதுவரை பள்ளியும் பாட்டு வகுப்பும் மட்டும் நடக்கட்டும்.