ரோடு பைக்கில் ஆக்‌ஷன் கேமராவை எங்கே மாட்டினால் வீடியோ ஆடாமல் வரும்?

வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் உள்ள ரோடு பைக் வைத்திருக்கிறீர்கள். ஹேண்டில்பாரில் கேமரா மாட்டியும் படம் ஜெல்லி போல ஆடுகிறது, கேமராவை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். முதலில் மவுண்டை, அதாவது கேமராவைச் சைக்கிளில் பிடித்துவைக்கும் பிடியைப் பாருங்கள். பல வருடங்களாகச் சைக்கிளில் கேமரா கட்டிக்கொண்டு போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பத்துக்கு ஒன்பது தடவை கோளாறு அங்கேதான் இருக்கும்.

நான் முதலில் வாங்கியது ஹேண்டில்பாரைச் சுற்றிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம். கேமரா உயரமாக இருந்தால் சாலை நன்றாகத் தெரியும் என்று நினைத்து, அதன்மேல் மூன்று மூட்டு உள்ள நீட்டிப்பையும் சேர்த்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், சாலையோர வெள்ளைக்கோடு தண்ணீருக்குள் கிடக்கும் கயிறு மாதிரி நெளிந்தது. செட்டிங்கை எல்லாம் மாற்றிப் பார்த்தேன், தீரவில்லை. ஒருநாள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைத்து, முன் டயரின் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். ஹேண்டில்பார் உடனே அடங்கிவிட்டது. கேமரா மட்டும் அந்த நீட்டிப்பின் நுனியில் இன்னும் கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது. சாலையில் இந்தத் தட்டு நொடிக்குப் பல தடவை விழுகிறது. கேமரா அடங்கவே நேரம் கிடைப்பதில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் தீர்வும் தானாகப் புரியும். ரோடு பைக்கின் டயர் குறுகலானது, காற்றும் அதிகம், சஸ்பென்ஷனும் கிடையாது. தாரில் இருக்கும் சொரசொரப்பு அப்படியே ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) வழியாக ஹேண்டில்பாருக்கு ஏறிவிடும். கேமராவின் சென்சாரோ முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் கேமரா நடுங்கினால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் இடம் மாறி விழும். நேர்கோடு வளைவது இதனால்தான்.

கேமராவுக்குள் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது ஜைரோஸ்கோப் சொல்லும் அசைவை வைத்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான ஆட்டத்தைச் சரிசெய்யும். ஒரே படத்துக்குள் விழுந்துவிட்ட மங்கலை அதனால் அழிக்க முடியாது. நல்ல வெயிலில் ஷட்டர் மிகக் குறைந்த நேரமே திறந்திருப்பதால் மங்கல் விழாது. மரநிழலுக்குள் நுழைந்ததும் ஷட்டர் அதிக நேரம் திறக்கிறது, படம் சட்டென்று துடிக்க ஆரம்பிக்கிறது. வெயிலில் நன்றாக வந்த வீடியோ நிழலில் கெட்டுப்போவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஷட்டரை நாமே வைக்க முடிகிற கேமரா என்றால் 1/480 நொடியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) வரம்பைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். படத்தில் லேசாகப் புள்ளி தெரியும். துடிப்பைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, மவுண்டுக்கு வருகிறேன். இப்போது நான் பயன்படுத்துவது ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் குட்டைத் தண்டு) முன்னால் நீட்டி நிற்கும் அலுமினிய அவுட் ஃப்ரண்ட் மவுண்ட். மேலே வேகமும் தூரமும் காட்டும் சைக்கிள் கம்ப்யூட்டர் உட்காரும், அதன் அடியில் கேமரா தலைகீழாகத் தொங்கும். இன்றைய பெரும்பாலான ரோடு ஹேண்டில்பார்களின் நடுப்பகுதி 31.8 மி.மீ. விட்டம், மவுண்டின் பிடியும் அதற்கே செய்யப்பட்டிருக்கும். பழைய சைக்கிள் என்றால் 26 அல்லது 25.4 மி.மீ. இருக்கலாம், அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். இடையில் இருப்பது ஒரே மூட்டு. கேமராவின் இரண்டு விரல்கள் மவுண்டின் மூன்று விரல்களுக்கு நடுவே நுழைந்து, குறுக்கே ஒரு திருகு. கோப்ரோ கொண்டுவந்த இந்த விரல் அமைப்பையே இன்று மற்ற பல நிறுவனங்களின் துணைக்கருவிகளும் ஏற்றுக்கொள்கின்றன. அதனால் கேமரா எதுவானாலும் பொருத்த வழி கிடைத்துவிடும்.

தலைகீழாக மாட்டினால் படம் கவிழ்ந்து வருமே என்ற கவலை வேண்டாம், கேமராவே திருப்பிக்கொள்ளும். ஆனால் தானாகத் திரும்பும் அமைப்பை நம்பாமல், தலைகீழ் நிலையிலேயே பூட்டிவையுங்கள். இன்னொன்று: கீழிருந்து எடுக்கும்போது சாலை லென்ஸுக்குப் பக்கத்தில் ஓடுவதால் வேகம் வேகமாகவே தெரியும். உயரத்தில் வைத்து எடுத்தபோது எனக்கு அது கிடைக்கவேயில்லை. பிரேக், கியர் கேபிள்கள் லென்ஸுக்கு முன்னால் வளைந்து நிற்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஹேண்டில்பார் தட்டையான ஏரோ வகை என்றால் வட்டப் பிடி ஏறாது. அதற்கு ஸ்டெம்மின் முன்தகட்டில் உள்ள கீழ் போல்ட்டுகள் இரண்டையும் கழற்றி, அவற்றின் இடத்தில் நீளமான போல்ட்டுகளால் பொருத்தும் மவுண்ட் இருக்கிறது. ஸ்டெம்மும் பாரும் ஒன்றாக வார்த்த காக்பிட்டுகளில் பலவற்றுக்கு அடியிலேயே திருகுத் துளைகள் இருக்கும். எதுவானாலும் டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்கும் கருவி) இல்லாமல் கை வைக்காதீர்கள். ஸ்டெம்மின் மேலேயே எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள், பல ஸ்டெம்களில் அது 5. உங்கள் எடையைத் தாங்கும் போல்ட் அது. கேமராவுக்காக அதைக் கூடவோ குறையவோ முறுக்கக் கூடாது. கார்பன் பாரில் வட்டப் பிடி போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அதிகமாக இறுக்கினால் கார்பன் உள்ளே நசுங்கும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் போகலாம். பழைய டியூபிலிருந்து மெல்லிய ஒரு பட்டையை வெட்டி அடியில் கொடுத்தால், குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் பிடிக்கும்.

அப்புறம், பாதுகாப்புக் கயிறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஒருமுறை ஓர் இறக்கத்தில் திருகு தளர்ந்து கேமரா மவுண்டிலிருந்து கழன்றுவிட்டது. விழுந்து உடையக் கூடாது என்று நானே கட்டிவைத்திருந்த கயிறு அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கயிறு நீளம். கேமரா ஊசலாடி முன் சக்கரத்தின் கம்பிகளில் டடடடவென்று மோதியது. பிரேக்கை மெல்லப் பிடித்து ஓரங்கட்டி நின்றபோது கை நடுங்கியது. கம்பிகளுக்கு நடுவே அது சிக்கியிருந்தால் சக்கரம் பூட்டி, நான் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்திருப்பேன்.

அன்றிலிருந்து புதிதாக எதை மாட்டினாலும் இதைச் செய்கிறேன்: கேமராவை மவுண்டிலிருந்து கழற்றி, கயிற்றில் மட்டும் தொங்கவிடுவேன். முன்னும் பின்னும் ஆட்டி, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சக்கரத்தைக் கையால் சுற்றுவேன். டயரையோ கம்பியையோ எட்டினால் கயிற்றைக் குட்டையாக்குவேன். எட்டாத நீளத்தில் கட்ட வழியில்லை என்றால் கயிறே வேண்டாம். கேமரா போனால் போகட்டும்.

திருகைக் கைவிரலால் மட்டும் முறுக்கினால் ரோடு பைக்குக்குப் போதாது, அதிர்வே அதைக் கழற்றிவிடும். அலன் கீயால் முறுக்கும் உலோகத் திருகு மாட்டுங்கள். கிளம்பிப் பத்து நிமிடத்தில் ஒருதரம் நின்று கேமராவைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

ஹெல்மெட்டில் மாட்ட நான் சொல்லமாட்டேன். ஹெல்மெட் தரையில் வழுக்கிக்கொண்டு போகவேண்டிய நேரத்தில், துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கட்டி தலையைத் திருப்பிவிடக்கூடும். மார்புப் பட்டை வேறு. கைகளும் இடுப்பும் அதிர்வைக் குடித்துவிடுவதால், மென்மை மட்டுமே வேண்டும் என்றால் அதுவே சிறந்தது. ஆனால் ரோடு பைக்கில் நாம் முன்னால் குனிந்து உட்காருகிறோம். நேராக நின்று கோணம் வைத்தால் கேமரா ஸ்டெம்மைத்தான் படம்பிடிக்கும். சைக்கிளில் ஏறி, ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பிடியைப் பிடித்தபடி கோணத்தை வையுங்கள்.

பின்னால் வருவதை எடுக்க சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளக் கம்பிகள் நல்ல இடம். உலோகக் கம்பி என்றால் பெரும்பாலும் 7 மி.மீ. உருண்டை. கார்பன் கம்பி நீள்வட்டமாக இருப்பதால் அதற்கென்றே உள்ள பிடி வேண்டும். 2014-ல் டூர் தெ சுவிஸ் பந்தயத்தில் தொழில்முறை வீரர்களின் சைக்கிள்களில் கேமரா வைத்தபோதும் ஹேண்டில்பாரின் அடியும் சீட்டின் அடியும்தான் பயன்பட்டன. சீட்டுக்கு அடியில் வைத்தால் காற்றிரைச்சலும் குறைவு, நம் உடம்பே மறைப்பாகிவிடும். ஈரச் சாலையில் மட்டும் பின்சக்கரம் லென்ஸில் சேறடிக்கும்.

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கிறவரா நீங்கள்? அப்போது சைக்கிள் இடமும் வலமும் சாயும். ஹொரைசன் லாக் போட்டால் அடிவானம் நேராக நிற்கும். ஆனால் ஹேண்டில்பாரோ சக்கரமோ சட்டகத்துக்குள் தெரிந்தால், அவைதான் ஆடுவது போலத் தோன்றும். நான் அதை அணைத்துவிடுகிறேன். சாய்வு தெரிந்தால்தான் அது ஏற்றம் என்று பார்ப்பவருக்கும் புரிகிறது.

இப்போது உங்களிடம் இருக்கும் மவுண்டில் நீட்டிப்பு ஏதாவது இருந்தால் இன்றே கழற்றிவிட்டு, டயரைத் தட்டிப் பாருங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த மிக மோசமான சாலையில் ஐந்து நிமிடம் ஓட்டி, அதைப் பெரிய திரையில் போடுங்கள். போன் திரையில் நெளிவு தெரியாது. வெள்ளைக்கோட்டை மட்டும் பாருங்கள். அப்போதும் நெளிந்தால் மவுண்டின் படத்தைக் கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.