மகள் மெக்கானிக்கல் கேட்கிறாள், ரோபோ வந்துவிடும் என்கிறார்கள்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா.

மகள் மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள், சொந்தக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் போடச் சொல்கிறார்கள், போதாததற்கு இனி ஃபேக்டரி வேலையெல்லாம் ரோபோவே செய்துவிடும் என்று யாரோ சொல்லி உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்த ரோபோ பயத்தைப் பார்ப்போம். ஒரு ரோபோவை வாங்கி வந்து நிறுத்தினால் அது வெறும் கைதான். அது எதைப் பிடிக்க வேண்டும், எப்படிப் பிடித்தால் பொருள் நசுங்காது, நழுவாது, பிடிக்க வேண்டிய பொருள் எந்தப் பக்கம் திரும்பி வந்து நிற்கும், இதையெல்லாம் யாராவது யோசித்து உலோகத்தில் செய்து கொடுக்க வேண்டும். கிரிப்பர், ஃபிக்ஸ்சர், ஃபீடர் என்று இவற்றுக்குப் பெயர். இதுதான் ஆட்டோமேஷனில் மெக்கானிக்கல் இன்ஜினீயரின் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் கிண்டியிலும் திருமுடிவாக்கத்திலும் எஸ்பிஎம் என்று சொல்லப்படும் தனித் தேவை மெஷின்களைச் செய்து கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பெரிய ஆலைகளின் லைனில் ஓடும் மெஷின்களில் பல இப்படி ஆர்டருக்குச் செய்யப்பட்டவைதான்.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். நூற்றுக்கணக்கான ஸ்குரூக்களை ஒரு கிண்ணத்தில் கொட்டினால், அவை ஒன்றன்பின் ஒன்றாக, தலை மேலேயும் முனை கீழேயுமாக வரிசையில் வெளியே வர வேண்டும். பவுல் ஃபீடர் என்பது இதுதான். கீழே மின்காந்தம் கிண்ணத்தை அதிரவைக்கும். உட்சுவரில் சுருள் சுருளாக ஏறும் பாதையில் ஸ்குரூக்கள் தாமாகவே ஏறும். வழியில் ஓரிடத்தில் ஸ்குரூவின் உடம்பு இறங்கும் அகலத்துக்கு, ஆனால் தலை இறங்காதபடி, ஒரு இடுக்கு வெட்டியிருப்பார்கள். சரியாக வந்தது தலையால் தொங்கிக்கொண்டு முன்னே போகும். தாறுமாறாக வந்தது வழுக்கித் திரும்பக் கிண்ணத்திலேயே விழும், மறுபடி ஏறும். கேமரா கிடையாது, ஒரு வரி புரோகிராம் கிடையாது. அந்த இடுக்கை எங்கே, எவ்வளவு அகலத்தில் வெட்டுவது என்பதில்தான் மொத்தத் திறமையும் இருக்கிறது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதை வரும்.

இந்தத் துறையில் பேர் வாங்கிய கண்டுபிடிப்புகள் பலவும் இப்படிப் பொருளுக்குப் பக்கத்தில் நின்றவர்களிடமிருந்துதான் வந்தன. ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்று ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயர். 1961-ல் ஒரு மின்பொருள் ஆலையில் அவருக்கு வந்த பிரச்சினை: ஒரு சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும், தொழிலாளர்கள் சில நேரம் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மேலாளர்கள் திட்டிப் பார்த்தும் பலனில்லை. ஷிங்கோ சொன்ன வழி, முதலில் இரண்டு ஸ்பிரிங்கை ஒரு சின்னத் தட்டில் எடுத்து வை, அப்புறம் சுவிட்சில் போடு. தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் மறந்தது அப்போதே தெரிந்துவிடும். தவறு நடக்க முடியாதபடி, நடந்தாலும் உடனே தெரியும்படி வேலையை அமைப்பதை இன்று உலகம் முழுவதும் போகாயோக்கே என்று சொல்கிறார்களே, அதில் ஆரம்பகால உதாரணம் இது.

அதே ஜப்பானில் யமனாஷி பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி மகினோ 1978-ல் ஸ்காரா ரோபோவின் முதல் மாதிரியைச் செய்தார். ஒரு பின்னைத் துளையில் இறக்கும்போது இம்மி விலகினாலும் விறைப்பான கை சிக்கிக்கொள்ளும். அவர் செய்த ரோபோ கை பக்கவாட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், மேலிருந்து கீழே மட்டும் உறுதியாக நிற்கும். அதனால் அந்தப் பின் தானாகவே துளையைத் தேடி இறங்கிவிடும். எலெக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி லைன்களில் இந்த வகைக் கை இன்றும் வேலை செய்கிறது.

படிப்பின் பெயரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்பதால் விக்டர் ஷெய்ன்மனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கர். முதல் பட்டம் விமானப் பொறியியல், அப்புறம் ஸ்டான்ஃபோர்டில் மெக்கானிக்கல். 1969-ல் முழுக்க மின்மோட்டாரில் இயங்கி, கணினி சொன்னபடி ஆறு அச்சில் நகரும் கையை வடிவமைத்தார். அதுவரை தொழிற்சாலைக்கு வந்திருந்த யூனிமேட் ரோபோ ஹைட்ராலிக்கில் ஓடியது. பிறகு சொந்தமாகக் கம்பெனி தொடங்கி, 1977-ல் அந்த யூனிமேட்டைத் தயாரித்த யூனிமேஷன் கம்பெனிக்கு விற்றார். அடுத்த வருடமே அவர் வடிவமைப்பை வைத்து, ஜெனரல் மோட்டார்ஸ் ஆதரவோடு பூமா என்ற தொழிற்சாலை ரோபோ வந்தது.

சரி, இனி உங்கள் மற்ற கவலைகள். சம்பளம்: ஆரம்பத்தில் ஐடியைவிடக் குறைவாகத்தான் இருக்கும், மறைக்க விரும்பவில்லை. முதல் சில வருடங்கள் பொறுத்துக்கொள்ள வீட்டுச் சூழல் இடம் கொடுக்குமா என்று நீங்கள் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். பிஎல்சி (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), சென்சார், நியூமேட்டிக்ஸ் (காற்றழுத்தத்தில் இயங்கும் அமைப்புகள்) தெரிந்து, ஒரு மெஷினை வாடிக்கையாளர் இடத்தில் போய் ஓடவைத்துக் கொடுக்கிற அளவு வந்துவிட்டால் நிலைமை மாறும்.

பெண் பிள்ளை ஃபேக்டரியிலா என்று பாட்டி கேட்கிறாராம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கும் ஆலைகளின் லைனில் ஆயிரக்கணக்கான பெண்கள் நிற்கிறார்கள். பெண்கள் நைட் ஷிப்ட் பார்க்கக் கூடாது என்ற சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே ரத்து செய்துவிட்டது, பாதுகாப்பு நிபந்தனைகளோடு. லைனில் இத்தனை பெண்கள் இருக்கும்போது அந்த மெஷினை வடிவமைக்கும் மேசையிலும் பெண்கள் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வண்டி வசதி, ஷிப்ட் நேரம் எல்லாம் வேலைக்குச் சேரும்போது கேட்டுக்கொள்ளலாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். லேப் உதவியாளரிடம் பேசுங்கள். பிஎல்சி கிட் எத்தனை, ஒரு பேட்சில் எத்தனை பேர், பிள்ளைகள் தாங்களே வயரிங் போடுகிறார்களா அல்லது ஒருவர் செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்களா என்று கேளுங்கள். மெக்கட்ரானிக்ஸ், ரோபாட்டிக்ஸ் அண்ட் ஆட்டோமேஷன் என்று தனிப் பிரிவுகளும் இருக்கின்றன. நல்ல லேப் உள்ள சாதாரண மெக்கானிக்கலை, பெயர் மட்டும் புதிதாக உள்ள பிரிவுக்கு மேலே நான் வைப்பேன். டிகிரி முடித்ததும் வேலை கிடைக்கவில்லை என்றால் தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் மூலம் ஒரு வருடம் உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம்.

மகளிடம் ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். கல்லூரியில் அவளே புதிதாக ஏதாவது செய்துவிட்டால், கண்காட்சியில் வைப்பதற்கு முன் காப்புரிமைக்கு மனு போட்டுவிட வேண்டும். பொதுவில் காட்டிய பிறகு போட்டால் புதுமை இல்லை என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம். முதலில் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்து, 12 மாதத்துக்குள் முழு விவரம் தரலாம். தென்மாநிலங்களுக்கான அலுவலகம் கிண்டியிலேயே இருக்கிறது, ஆன்லைனிலும் செய்யலாம்.

கட்ஆஃப் விவரமும் அவளுக்குப் பிடித்த கல்லூரிகளின் பட்டியலும் அனுப்புங்கள். கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கில் எது மேலே இருக்கிறதோ அதுதான் முதலில் பரிசீலனைக்கு வரும். அதனால் உங்களுக்காக ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸை மேலே போட்டுவிட்டு, அவளுக்காக மெக்கானிக்கலைக் கீழே போடாதீர்கள். பட்டியலை இறுதி செய்வதற்கு முன் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், மூன்று பேரும் சேர்ந்து வரிசைப்படுத்துவோம்.